இருநூற்றுப் பன்னிரண்டு படிகளுக்குக் கீழே

டிசம்பர் 3

தம்பிக்கு,

மலைச்சாலையில் மண் சரிந்துவிட்டது, அதனால் வர முடியவில்லை என்று நீ எழுதிய கடிதத்தை, அந்தச் சாலையில் ஜீப் ஓட்டிக்கொண்டு வந்த உங்கள் டிரைவர்தான் என் கையில் கொடுத்தார். அப்பாவை எடுத்துப் போய்விட்டு நாங்கள் வீடு திரும்பி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. "ரோடு எப்படிங்க இருக்கு?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கும்மா. விடியக்காலைல கெளம்பினேன், நாலு மணி நேரத்துல இறங்கிட்டேன்" என்றார் பாவம். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

அவருக்குப் பக்கத்து சீட் காலியாகத்தானே வந்திருக்கும்?

ஐந்து வாரமாக நான் பதில் போடவில்லை. பேனாவை எடுத்தால் வாய்க்கு வந்ததெல்லாம் வந்துவிடும் என்று சும்மா இருந்தேன். நடுவில் நீ போட்ட இரண்டு கடிதத்தையும் படித்தேன். இரண்டிலும் அதே சாலை, அதே மண்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் 27, மாலை ஐந்தரைக்குப் போனார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உன்னைக் கேட்டார் என்று எழுதினால் உனக்கு நன்றாக வலிக்கும். ஆனால் கேட்கவில்லை. நம் வீட்டுக்கு ஒரு பொய் போதும்.

ஏன் வரவில்லை என்று எழுது. ஒரே பக்கத்தில் எழுது.

அக்கா

டிசம்பர் 11

அக்காவுக்கு,

ஒரே பக்கத்தில் முடியவில்லை.

அப்பா போன அன்று ராத்திரியே ஒயர்லெஸ்ஸில் சேதி வந்துவிட்டது. சாலை திறந்துதான் இருந்தது. "ஏறுங்க சார், போயிட்டு வந்துரலாம்" என்று டிரைவர் இரண்டு தடவை சொன்னார். நான்தான் ஏறவில்லை.

நான் இங்கே என்ன செய்கிறேன் என்று உனக்கு ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை. 'டேம்ல வேலை' என்பதோடு சரி. அணைச் சுவருக்கு உள்ளேயே ஒரு நடைபாதை இருக்கிறது. அதற்கு 212 படி இறங்க வேண்டும். எந்த அணையானாலும் சுவருக்குள் கொஞ்சம் தண்ணீர் கசியும், அதில் தப்பில்லை. அந்தக் கசிவெல்லாம் ஒரு சின்ன வாய்க்காலில் சேர்ந்து, கடைசியில் ஒரு தகட்டில் முக்கோணமாக வெட்டிய வாய் வழியாக விழும். அந்த வாய்க்கு முன்னால் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளவுகோலைப் பார்த்து எழுத வேண்டும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. ஒன்பது வருஷமாக அது முப்பத்தெட்டுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில்தான் நின்றது, மில்லிமீட்டரில்.

அக்டோபர் 20ஆம் தேதி பெரிய மழை. மறுநாள் 49. இருபத்து நான்காம் தேதி 53. அப்பா போன அன்று 57. அளவு இப்படி ஏறினால் சுவருக்குள் எங்கேயோ வழி அகலமாகிறது என்று அர்த்தம். கீழே நான்கு ஊர் இருக்கிறது. தலைமை அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதினேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாற்று ஆள் ஒருவர் உண்டு. நல்ல மனிதர், அருமையாகப் பாடுவார். ஆனால் முழங்கால் வலி, படி இறங்க மாட்டார். போன வருஷம் நான் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் அளவையும் ஒரே உட்காரலில் எழுதி வைத்திருந்தார்: 40, 40, 40. அன்றைக்கு அவர் கையில் விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை.

இதை அப்படியே எழுதியிருக்கலாம். எழுதியும் பார்த்தேன். 'அளவு பார்க்க ஆளில்லாததால் அப்பா சாவுக்கு வரவில்லை.' படித்தால் பைத்தியக்காரன் எழுதின மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டுச் சாலையை அடைத்தேன்.

தம்பி

டிசம்பர் 19

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தபோது வாசலில் பிரேக் அம்மா காரில் காத்திருந்தார். என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் அவர்தான் மூத்தவர், ஐம்பத்தெட்டு வயது. எதைப் பார்த்தாலும் பிரேக்கை மிதிப்பார். மரத்தடியில் நிழல் அசைந்தால்கூட மிதிப்பார். மூன்று தடவை டெஸ்டில் தோற்றாயிற்று. "மறுபடியும் எப்பம்மா தேதி வாங்கலாம்?" என்று தோற்ற அன்று சாயங்காலமே கேட்பவர். அன்றைக்கு அவர் மிதித்த மிதியில் உன் கடிதத்தை மடியிலிருந்து நான்கு முறை பொறுக்க வேண்டியிருந்தது.

நீ சொன்ன காரணம் எனக்குப் புரிகிறது. புரிவதால் கோபம் போய்விடும் என்று நினைக்காதே. நான்கு ஊருக்காக நீ அங்கே நின்றாய். சரி. இங்கே ஒரே ஒரு மனுஷன்தான், பதினோரு மாதம் படுக்கையில். அவருக்குச் சோறு ஊட்டி, புரட்டிப் போட்டு, முதுகு துடைத்தேன். எனக்கு மாற்று ஆள் யார், பாடுகிற ஆளாவது உண்டா?

உன்னைப் பிடிவாதக்காரன் என்று அப்பா சொல்வார், பெருமையாகத்தான் சொல்வார். என்னை மட்டும் வாய்க்காரி என்பார். ஒரே குணம்தான், உனக்கு மலைமேல் வேலை கிடைத்தது, எனக்கு வீட்டில்.

இப்போது அளவு எவ்வளவு?

அக்கா

ஜனவரி 2

அக்காவுக்கு,

61.

நீ எழுதியது அத்தனையும் சரி.

இங்கே எனக்கு இரண்டு அறை. ஒன்றில் கட்டில், அடுப்பு. இன்னொன்றில் மேசை, ஒயர்லெஸ், அளவுப் புத்தகங்கள். போன் சிக்னல் கிடையாது, ஒயர்லெஸ்ஸில் சாவுச் சேதியைத் தவிர அலுவலக விஷயம் மட்டும்தான் பேசலாம். மாற்று ஆள் வேறு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகிற அன்று எனக்காக ஒரு பாட்டுப் பாடினார். அதன் பிறகு புதன்கிழமை ஜீப் வரும்போது பேசுவதுதான் பேச்சு. நடுவில் ஆறு நாள் என் குரலே எனக்குக் கேட்காது. படி இறங்கும்போது எண்களைச் சத்தமாக எண்ணுவேன், தொண்டை துருப்பிடிக்காமல் இருக்க.

தனிமை கஷ்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படியில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் தனியாக இருந்து பழகியவனுக்கு ஒரு கெட்ட குணம் வருகிறது. உலகத்தில் தான் ஒருவன்தான் ஒழுங்கு என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறான். எதிர்த்துப் பேச ஆளில்லை அல்லவா. அதனால்தானோ என்னவோ, உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

நான்காவது முறையாகத் தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். 'கோடையில் ஆய்வு செய்யப்படும்' என்று ஒரு வரி வந்தது.

தம்பி

ஜனவரி 16

தம்பிக்கு,

கோபித்துக்கொள்ளாதே. உன் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டேன்.

முதல் நாள் 'சார் மீட்டிங்ல இருக்கார்' என்றார்கள். இரண்டாம் நாள் 'சார் சைட்டுக்குப் போயிட்டார்'. மூன்றாம் நாள் வகுப்புகளையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவோடு போய் அவர் அறைக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தேன். பதினொரு மணிக்கு ஒரு கிளார்க் வந்து, "யாரும்மா நீங்க? எதுக்கு தினம் வந்து உக்காந்திருக்கீங்க?" என்றார்.

"உங்க டேம்ல அளவு பாக்குற ஆளோட அக்கா."

"அவருக்கு என்ன?"

"அவனுக்கு ஒண்ணுமில்ல. டேமுக்குத்தான் என்னவோ. நாலு லெட்டர் போட்டிருக்கான். அதைப் படிச்சவங்க யாருன்னு காட்டுங்க, நான் பாத்துட்டுப் போயிடறேன்."

யாரும் படிக்கவில்லை, தம்பி. நான்கும் ஒரே ஃபைலில், கிளிப்கூடக் கழற்றாமல் இருந்தது. உனக்கு வந்த அந்த ஒரு வரியும், படிக்காமலே எல்லோருக்கும் அனுப்புகிற வரியாம். பெரியவர் அறையில் நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். கொஞ்சம் அதிகமாகவே போட்டேன். "அப்பன் சாவுக்குக்கூட வராம அந்தப் பள்ளத்துல நின்னு எழுதினது சார் இது" என்று நான் சொன்னபோது அந்த மனிதருக்கு முகம் தொங்கிவிட்டது. பிப்ரவரி 5ஆம் தேதி ஒரு குழு வருகிறது. எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன்.

இதனால் உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். நீ செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. உன் கடிதத்தைப் பிரிக்காமல் வைக்க அவர்களுக்கு இல்லை.

பிரேக் அம்மா நாலாவது தடவையும் தோற்றுவிட்டார்.

அக்கா

ஜனவரி 22

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நன்றி என்று நமக்குள் சொல்லிப் பழக்கமில்லை.

அளவு 66. ஆனால் ஒன்று உறுத்துகிறது. மழை நின்று இரண்டு மாதமாகிறது, அணையில் தண்ணீர் நாலு மீட்டர் இறங்கிவிட்டது. தண்ணீர் இறங்க இறங்கக் கசிவும் குறைய வேண்டும். இது ஏறுகிறது. ஏன் என்று புரியவில்லை. பார்க்கிறேன்.

தம்பி

ஜனவரி 29

அக்காவுக்கு,

உட்கார்ந்து படி.

நேற்றுக் காலை ஒரு வாளியையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். பதினெட்டு லிட்டர் வாளி. அளவுகோல் சொல்வது உண்மையானால், விழுகிற தண்ணீரில் அந்த வாளி பன்னிரண்டு விநாடியில் நிறைய வேண்டும். முப்பத்தொன்பது விநாடி ஆயிற்று. மறுபடி வைத்தேன். முப்பத்தொன்பது. ஏழு தடவை வைத்தேன்.

கசிவு கூடவே இல்லை, அக்கா. ஒன்பது வருஷமாக எவ்வளவு வந்ததோ அவ்வளவுதான் இன்றும் வருகிறது.

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் கைவிட்டு அந்த முக்கோண வாயைத் தடவினேன். அடியில் கல் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. கான்கிரீட்டிலிருந்து கரைந்து வருகிற சுண்ணாம்பு. அக்டோபர் மழையில் எங்கிருந்தோ ஒரு சில்லு உடைந்து வந்து அங்கே சிக்கியிருக்கிறது. அதன்மேல் படிந்து படிந்து வளர்ந்திருக்கிறது. வாய் அடைபட்டதால் தண்ணீர் முன்னால் தேங்கி உயர்ந்தது. உயரத்தைத்தான் நான் எழுதினேன். வாரா வாரம் தகட்டைத் துலக்குகிறேன், ஆனால் மேலே தெரிகிற பாகத்தை மட்டும். தண்ணீருக்கு அடியில் கைவிட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பாட்டுக்காரர்தான் ஒழுங்கில்லாத ஆள் என்று முடிவு கட்டியிருந்தேன் அல்லவா.

அந்த உருண்டைக்காகத்தான் நான் அப்பாவைப் பார்க்க வரவில்லை. எலுமிச்சம்பழ அளவுகூட இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உளியை எடுத்துப் போய் நாலு தட்டுத் தட்டினால் அது உதிர்ந்துவிடும். அளவு பழையபடி நாற்பதுக்கு வந்துவிடும். குழு வரும்போது 'தானாகவே குறைந்துவிட்டது' என்று சொன்னால் முடிந்தது, யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நீ அந்த அலுவலகத்தில் போட்ட சத்தத்துக்கும் பங்கம் வராது. நேற்று மாலை உளியோடு இறங்கவும் செய்தேன். தகட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் உளியை அங்கேயே வைத்துவிட்டு ஏறி வந்துவிட்டேன்.

அதை அப்படியே விட்டிருக்கிறேன். அவர்கள் வந்து பார்க்கட்டும். உன்னைத் தலைகுனிய வைப்பதற்கு மன்னித்துக்கொள்.

தம்பி

பிப்ரவரி 6

தம்பிக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். பிறகு எழுந்து தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினேன். உன்னை அடிக்க வேண்டும்போல் இருந்தது. அணை பத்திரமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில், 'ஐயோ, விரிசல் விட்டிருக்கக் கூடாதா' என்று ஒரு நொடி நினைத்தேன். நான்கு ஊர் ஜனங்கள்! எவ்வளவு மட்டமான புத்தி பார். விரிசல் இருந்திருந்தால் நீ வராததற்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கும், அதற்காக.

தலைகுனிவு ஒன்றுமில்லை. கிளிப்பைக் கழற்றாதவர்கள் குனியட்டும். கழற்றிப் படித்திருந்தால் நவம்பரிலேயே வந்து கைவிட்டுப் பார்த்திருப்பார்கள்.

நீ உளியைக் கீழே வைத்துவிட்டு வந்ததைப் படித்த பிறகு நான் இதை எழுதாமல் இருந்தால் சரியாக இருக்காது. மூன்று நாளாக எழுதிக் கிழிக்கிறேன்.

அப்பா போனபோது நான் பக்கத்தில் இல்லை.

அன்றைக்கு நாலரைக்கு பிரேக் அம்மாவுக்கு வகுப்பு. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு ஒரு மாதிரி இருந்தது, காலையிலிருந்தே. எதிர்வீட்டு டீச்சரை உட்காரச் சொல்லிவிட்டுப் போனேன். "இன்னிக்கு வேணா விட்றேன்மா, அப்பாவுக்கு முடியலையே" என்று பிரேக் அம்மாகூடச் சொன்னார். நான்தான் "அதெல்லாம் ஒண்ணுமில்ல, வண்டியை எடுங்க" என்றேன். எனக்கு ஒரு மணி நேரம் அந்த அறையை விட்டு வெளியே இருக்க வேண்டியிருந்தது, தம்பி. பதினோரு மாதத்தில் ஒரு மணி நேரம். திரும்பி வந்து காரை நிறுத்தினால் டீச்சர் வாசலில் நிற்கிறார்.

பொய் சொன்னாய் என்று உன்னை ஐந்து வாரம் தண்டித்தேன். பதில் எழுதும்போது முதல் பக்கத்திலேயே நானும் ஒன்று சொன்னேன். எல்லோரிடமும் அதையே சொல்லிச் சொல்லி, சமயத்தில் அவர் கை என் கையில் இருந்த சூடுகூட ஞாபகம் வருகிறது. டீச்சர் கேட்டுக்கொண்டு பேசாமல் இருப்பார், புண்ணியவதி.

இனி நீ என்னைத் திட்டலாம்.

அக்கா

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

திட்ட எனக்கு எதுவும் வரவில்லை. ஒரு மணி நேரம் காற்று வாங்கப் போனாய். அவ்வளவுதான். பதினோரு மாதம் நான் எங்கே இருந்தேன் என்று யாராவது கேட்டால் நான் எதைச் சொல்ல?

குழு வந்து போயிற்று. பெரிய இன்ஜினியர் ஒரு பெண். 212 படியையும் நிற்காமல் இறங்கினார். நான் வாளியை வைத்துக் காட்டினேன். அவரும் கைவிட்டுத் தடவிப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த உளியைப் பார்த்துவிட்டு, "இதை நீங்களே தட்டிவிட்டுட்டு சும்மா இருந்திருக்கலாமே?" என்றார்.

"இருந்திருக்கலாங்க."

"அப்புறம்?"

"மறைச்சிட்டேன்னா, அடுத்த தடவ நெஜமாவே ஏறும்போது நான் எழுதறத நானே நம்ப மாட்டேனுங்க."

அவர் சிரிக்கவில்லை. அந்த உளியாலேயே உருண்டையைத் தட்டி எடுக்கச் சொன்னார், அளவு 41க்கு இறங்கியது. பிறகு இரண்டு மெமோ எழுதினார். ஒன்று எனக்கு, தகட்டைச் சரிவரத் துப்புரவு செய்யாததற்கு. நியாயம்தான், கையெழுத்துப் போட்டேன். இன்னொன்று தலைமை அலுவலகத்துக்கு, கடிதங்களைப் பிரிக்காததற்கு. போகும்போது, "எத்தன வருஷமா தனியா இருக்கீங்க?" என்று கேட்டார். ஒன்பது என்றேன். நம் ஊர் அலுவலகத்தில் ஒரு மேசை வேலை காலியாக இருக்கிறதாம், ஏப்ரலிலிருந்து எடுத்துக்கொள்ளலாமாம். யோசித்து மார்ச் கடைசிக்குள் சொல்ல வேண்டும்.

நீ என்ன சொல்கிறாய்? அப்பாவின் அறை காலியாகத்தானே இருக்கிறது.

தம்பி

பிப்ரவரி 28

தம்பிக்கு,

நான் வா என்று கூப்பிட மாட்டேன். வராதே என்றும் சொல்ல மாட்டேன். நான் சொல்லி நீ வந்தால், இந்த ஊர் வெயில் உனக்கு உறைக்கும்போதெல்லாம் அந்தப் பழி என் தலையில் விழும்.

கேட்டதால் ஒன்று சொல்கிறேன். அப்பா போன பிறகு இந்த வீட்டில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று நினைத்தேன். ஒரு மாதம் அப்படித்தான் இருந்தது. அப்புறம் ஒருநாள் வகுப்பு முடிந்து வந்து, விளக்கைப் போட்டு, காலை நீட்டிக்கொண்டு ரேடியோ கேட்டேன். யாரும் கூப்பிடவில்லை. நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. உன்னைக் கல்லுளிமங்கன் என்று எத்தனை வருஷம் ஏசியிருக்கிறேன்! எனக்கும் கொஞ்சம் அந்த ரத்தம்தான் போலிருக்கிறது.

அதனால் எனக்குத் துணை வேண்டும் என்று நினைத்து வராதே. உனக்கு வேண்டுமானால் வா. அங்கேதான் இருக்க வேண்டுமென்றால் இரு, ஆனால் உன்னை விட்டால் அளக்க ஆளில்லை என்கிற கதையை மட்டும் இனிமேல் என்னிடம் சொல்லாதே. ஆளை உண்டாக்கு. ஸ்டியரிங்கை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதுதான் என் தொழிலே. உயிர் போய் உயிர் வரும். ஆனாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஐந்தாவது டெஸ்ட்: மேடு ஏறி, வளைவு எல்லாம் திரும்பி, கடைசியில் அதிகாரி இருமியதற்கு பிரேக் போட்டார். தேறவில்லை. ஆறாவது மார்ச் 27.

அக்கா

மார்ச் 27, பகல் 11 மணி
உன் வீட்டு வாசற்படி

அக்காவுக்கு,

சொல்லாமல் வந்துவிட்டேன். வீடு பூட்டியிருக்கிறது. ஆறாவது டெஸ்ட் இன்றைக்குத்தான் என்பது அடிவாரத்தில் ஜீப்பிலிருந்து இறங்கி பஸ்ஸில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. எதிர்வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்து, "நீங்கதான் தம்பியா? ஜாடை அப்படியே இருக்கே. சாவி எங்கிட்ட இருக்கு, திறந்து விடட்டுமா?" என்றார். வேண்டாம், அக்கா வந்து திறக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அவரிடம்தான் இந்தக் காகிதம் வாங்கினேன். நேரில் உன்னிடம் நான் ஒழுங்காகப் பேச மாட்டேன், உனக்கே தெரியும். அதனால் எழுதிக் கதவுக்கு அடியில் போட்டுவிடுகிறேன்.

மேசை வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அந்த இடம் பிடித்திருக்கிறது. ஓடி ஒளிந்துகொள்ளப் பிடித்த இடமாக இத்தனை நாள் இருந்ததோ என்னவோ, இப்போது வெறுமனே பிடித்திருக்கிறது. ஆனால் பதினாறு நாள் லீவு போட்டிருக்கிறேன். ஒன்பது வருஷத்தில் நான் எழுதிக் கொடுத்த முதல் லீவுக் கடிதம். பெரிய இன்ஜினியர் அதை வாங்கி இரண்டு தடவை படித்தாராம்.

மாற்று ஆளாக ஒரு பெண் வந்திருக்கிறாள். முன்னால் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தவள். ஒரு மாதமாகக் கூடவே இறங்கிப் பழக்கினேன். முதல் வாரம் அவள் எழுதுகிற ஒவ்வொரு எண்ணையும் நான் மறுபடி பார்த்தேன். ஒருநாள் நான் 42 என்றேன், அவள் 43 என்றாள். "நீங்க நின்னுக்கிட்டுப் பாக்குறீங்க சார், குனிஞ்சு கண்ணுக்கு நேரா பாருங்க" என்றாள். குனிந்து பார்த்தேன். 43. ஒன்பது வருஷமாக நான் நின்றுகொண்டேதான் பார்த்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீருக்குள் கைவிட்டுத் தடவிப் பார்ப்பதையும் அவளே பட்டியலில் சேர்த்துக்கொண்டாள்.

இன்று விடியற்காலை ஜீப்பில் ஏறியபோது அவள் டார்ச்சோடு படி இறங்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் நின்றால் ஏறி வந்து எண்ணைச் சொல்லிவிடுவாள். "நிக்கட்டுமா சார்?" என்று டிரைவர் கேட்டார். வேண்டாம், எடுங்கள் என்றேன். கால்வாசி தூரம் வரை என் வலது கால் சும்மா தரையை அழுத்திக்கொண்டே வந்தது, உன் பிரேக் அம்மா மாதிரி. அவர் பாஸா இல்லையா என்று கேட்க ஆவலாக இருக்கிறது. அவருக்கு ஒரு வணக்கமும் சொல்ல வேண்டும்.

அப்பாவின் அறையை நீயும் நானும் சேர்ந்து ஒழிக்கலாம், நீ ஏற்கெனவே ஒழித்திருந்தால் சும்மா அங்கே உட்காரலாம். அவர் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருந்தார் என்றுகூட எனக்குத் தெரியாது. அந்தப் பதினோரு மாதத்தையும் முதல் நாளிலிருந்து சொல். திட்டிக்கொண்டே சொன்னாலும் சரி.

இன்று காலை கீழே அளவு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, அக்கா. பதினாறு நாளைக்குத் தெரியாது.

பசிக்கிறது. முக்கில் இருக்கும் கடையில் இருப்பேன். டீச்சரை அனுப்பாதே, நீயே வந்து கூப்பிடு.

தம்பி